மலைநகர் ஆட்சியும் மக்கள் மொழியும்

பாலசமுத்திரத்தில் பாலாறு பொருந்தலாறு அணையின் கரைமீது நின்று தெற்கே நோக்குவார்க்கு மலையன்றிப் பிறிதொன்றும் தோன்றாது. அம்மலையின் உச்சியிலே ஒரு நகர் உண்டு, அந்நகரில் ஓர் ஏரி உண்டு, வேனிற் காலத்தில் அங்கு மோட்டார் வண்டிகள் எறும்பு நிரை போல ஊர்கின்றன என்பனவெல்லாம் அடிவாரத்தார் கண்ணுக்குப் புலனாவன அல்ல. அவர்க்குப் புலனாவது நீர் ஒன்றே. மலையின் வடசரிவிற் பெய்த மழை ஓடைகளாய் இறங்கி, இவ்வணையிலே தேங்கி, வாய்க்கால் வழியே வயலை அடைகின்றது. எஞ்சிய நீர் சண்முகநதியாய் ஓடி அமராவதியிற் கலக்கின்றது. ஆதலின் மேலே நிகழ்வது யாதாயினும், அதன் நன்மையும் தீமையும் கீழே வந்து சேர்தற்கு நெடுநாள் வேண்டுவதில்லை. ஆனால் மேலே நிகழவிருப்பது குறித்துக் கீழே உள்ளாரை ஒரு சொற் கேட்பதற்கு இதுகாறும் நிலையான வழி ஒன்றும் அமையவில்லை. மலைமேல் வாழ்வாரையே முறையாகக் கேளாதபோது அடிவாரத்தாரை யார் நினைப்பர்?

யாம் இக்கட்டுரையில் வற்புறுத்த விழைவது இதுவே. கோடைக்கானல் போன்றதொரு மலைநகரை ஆளுங்கால், அந்நகர மக்களும், சுற்றுச் சிற்றூர்களின் மக்களும், அம்மலைநீரை உண்டு வாழும் அடிவாரத்தாரும் ஒருங்கமர்ந்த ஆலோசனைக் குழு ஒன்று நிலையாக இருத்தல் வேண்டும். ஆணை பிறக்குமுன் அக்குழுவைக் கேட்டல் வேண்டும். கேட்டபின் அதன் கருத்தைத் தள்ளும் உரிமை அதிகாரிகளுக்கு இருக்கட்டும். ஆனால் தள்ளியதன் காரணத்தை எழுத்தில் தருதல் வேண்டும். பாலசமுத்திரம் எம் ஊர் ஆகலின் இதனைச் சற்று அழுத்தமாகவே சொல்லுகின்றோம். படிப்பவர் பொறுத்தருள்க.

இப்போது இதனை எழுதத் தூண்டியது 'இ-பாஸ்' என்று யாவரும் வழங்கும் நுழைவுச் சீட்டாகும். நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகள் முன்னரே பதிவு செய்து சீட்டுப் பெறுதல் வேண்டுமென்று சென்னை உயர்நீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் ஆணையிட்டது. மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு எண்ணுக்கும் வரம்பு பிறந்தது. 2025 ஏப்ரல் முதல் சூன் இறுதி வரை, கோடைக்கானலுக்கு வாரநாட்களில் 4000 வண்டிகளும் வார இறுதியில் 6000 வண்டிகளும், நீலகிரிக்கு முறையே 6000 வண்டிகளும் 8000 வண்டிகளும் செல்லலாம் என்று நீதிமன்றம் விதித்தது. உள்ளூரார் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு அளித்தது. மலை எத்துணை வண்டிகளைத் தாங்கும் என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூர் ஐ.ஐ.எம்.மிடமும் விடப்பட்டது.

வரம்பு வேண்டியதே என்பதில் எமக்கு ஐயமில்லை. மேத் திங்களில் ஏரிச்சாலையிற் சென்றவர் எவரும் இதனை மறுக்கத் துணியார். நீதிமன்றம் தலையிடாதிருப்பின் அரசினரோ நகரசபையாரோ இவ்வளவேனும் செய்திருப்பரா என்பதும் ஐயத்திற்குரியதே. ஆயினும் அந்த 4000 என்ற எண்ணால் யார் யார் வாழ்வில் என்னென்ன மாறும் என்பதை நன்கறிந்தவர் யார்? ஏரிக்கரையிற் குதிரை ஓட்டுபவர், வாடகைக் கார் ஓட்டுபவர், சாலையோரத்தே சோளம் சுட்டு விற்கும் பெண்டிர், விடுதிகளிற் படுக்கை விரிப்பவர், அவ்விடுதிகளின் குப்பையைக் காலையில் அள்ளுபவர், பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டை ஏற்றிவரும் உழவர் ஆகிய இவரே. கோடைக்கானல் மலைப்பூண்டு புவிசார் குறியீடு பெற்றது பற்றிப் பெருமை பேசுகின்றோம். அப்பூண்டை ஏற்றிய வண்டி எந்த வளைவில் எத்துணை நாழிகை நிற்கின்றது என்று அவ்வுழவரைக் கேட்ட பின்னன்றோ சாலைக்குத் திட்டம் வகுத்தல் முறை?

நீலகிரியில் நிகழ்ந்ததை நோக்குக. வரம்பு நடைமுறைக்கு வந்த மறுநாள், 2025 ஏப்ரல் 2-ஆம் நாள், வணிகர் கடைகளை அடைத்தனர். அவர் சொல்லியன யாவும் சரியென்று யாம் வாதிக்கவில்லை. வருவாய் குறையும் என்ற அச்சத்தில் மலையின் நலத்தை மறந்து பேசியவரும் அவருள் இருந்திருக்கலாம். ஆனால் கதவடைத்துச் சொன்ன அதே செய்தியை ஒரு மாதம் முன்னர், ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, அதிகாரியும் உழவரும் எதிரிருந்து கேட்கச் சொல்லியிருப்பின், அதில் மெய் எது, மிகை எது என்று அங்கேயே பிரித்துப் பார்த்திருக்கலாம். கடை மூடியபின் எவரும் எதனையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

உள்ளூராரைக் கேட்டால் அவர் பணத்தையே கேட்பர், மலையைப் பற்றி அவர்க்குக் கவலையில்லை என்று கூறுவார் பலர். கற்றோரும் இவ்வாறு கூறக் கேட்டிருக்கின்றோம். கோடைக்கானலின் அண்மை வரலாறு இக்கூற்றுக்கு நேர்மாறாக உளது. 1983-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து நிறுவப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று அங்கு நடைபெற்றது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கையில் இருந்தது. அத்தொழிற்சாலையின் உடைந்த கண்ணாடிகள், பாதரசம் ஒட்டியபடியே, ஊருக்குள் ஒரு பழம்பொருட் கடையிற் குவிந்து கிடந்ததை 2001-இல் வெளிக்கொணர்ந்தவர் யார்? நகரத்து மக்களும், அங்கு வேலை பார்த்த தொழிலாளரும், அவர்க்குத் துணை நின்ற சூழல் ஆர்வலருமே. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களிலேயே தொழிற்சாலை மூடப்பட்டது. அள்ளப்பட்ட கழிவு 2003-இல் கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிச் சென்றது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டதோ 2016-இல். பதினைந்து ஆண்டுகள்! இடையில் இறந்தாரும் நோயுற்றாரும் எத்துணையர் என்று எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கின்றது.

அதற்கு முன்னரே வேறொரு வழக்கும் நிகழ்ந்தது. பிளசண்ட் ஸ்டே என்ற ஓட்டலில் அனுமதித்த அளவுக்கு மேல் மாடிகள் எழுந்தன. அரசாங்கம் 1994-இல் விதிவிலக்கும் அளித்தது. 1985-இல் தோன்றிய பழனிமலைப் பாதுகாப்பு மன்றத்தார் நீதிமன்றம் சென்று அவ்விலக்கை நீக்கச் செய்தனர். உச்சநீதிமன்றமும் 1995-இல் அம்முடிவையே உறுதி செய்தது. இவ்விரண்டிலும் விழித்திருந்தவர் மலையில் வாழ்ந்தவரே. உறங்கியவர் யாவர் என்பதைப் படிப்பவர் உய்த்துணர்வாராக.

இனி, குழு என்று ஒன்று முன்னரே இருந்ததில்லையா எனின், இருந்தது. பாதரசம் பற்றிய வழக்கிலே உச்சநீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழுவினர் 2004-இல் வந்து பார்த்தபின், உள்ளூரார் சிலரும் இடம் பெற்ற வட்டாரக் குழு ஒன்று அமைந்தது. அதன் கதை நமக்குப் பாடமாக வேண்டும். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் எஞ்சி நிற்கலாம் என்ற அளவை ஏற்பதா தள்ளுவதா என்ற வாதம் நெடுங்காலம் நடந்தது. மண்ணைத் தூய்மை செய்யும் வேலையோ ஆண்டுக்கணக்கிற் பின்தங்கியது. அதனால் குழுவே வீண் என்று சொல்வதா? யாம் அவ்வாறு சொல்லோம். அக்குழு தீங்கு நிகழ்ந்தபின் பிறந்தது. ஒரே பொருளுக்கென்று பிறந்தது. அதன் சொல்லுக்கு மறுமொழி தரவேண்டிய கடமை யார்மீதும் தெளிவாக விழவில்லை. இம்மூன்று குறையும் நீங்கிய குழுவையே யாம் கேட்கின்றோம்.

ஆட்சிக்குரிய அமைப்புகள் இல்லாமலும் இல்லை. மலைநிலங்களில் எழும் கட்டடங்களைப் பற்றி ஆராய 1990-இல் அரசினர் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை நிறுவினர். கட்டடங்களின் தோற்றத்தையும் அழகையும் நோக்குவதற்கென்று தனிக் குழுவும் உண்டு. கோடைக்கானலுக்கு 1993-இல் முழுமைத் திட்டமும் வகுக்கப்பட்டது. இத்துணை இருந்தும், விதி மீறிய பல கட்டடங்களுக்கு 2019-இல் நீதிமன்ற ஆணையால் முத்திரை வைக்கவேண்டி நேர்ந்தது. காகிதத்தில் வகுத்த திட்டம் ஊரார் கையில் இல்லாவிடின் அதனைக் காப்பவர் இலர். கிராம சபை உண்டே என்பார்க்கு ஒரு சொல்: 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தால் அமைந்த அச்சபைகளை யாம் மதிக்கின்றோம். ஆனால் மன்னவனூர் சபை மன்னவனூரைப் பற்றிப் பேசும். வில்பட்டி சபை வில்பட்டியைப் பற்றிப் பேசும். கோடைக்கானல் நகரமன்றம் தன் 24 வார்டுகளைப் பற்றிப் பேசும். பாலசமுத்திரம் பேரூராட்சி தன் தெருவிளக்கைப் பற்றிப் பேசும். நீரோ இவ்வெல்லைகளை அறியாது. மலையை முழுதாகக் கண்டு பேசுதற்கு ஓரிடம் வேண்டுமன்றோ?

கேளாமற் செய்த நன்மை எவ்வாறு தீமையாய் முடியும் என்பதற்குப் புல்வெளியே சான்று. பழனிமலையின் மேற்பரப்பிற் சோலைக் காடுகளும் புல்வெளிகளும் மாறி மாறி இருந்தன. பெய்யும் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை ஓய்ந்த மாதங்களிலும் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுவது அப்புல்வெளி. அதனை வெற்று நிலம் என்று எண்ணினர் வனத்துறையினர். வாட்டிலும் தைல மரமும் பைனும் கொணர்ந்து நட்டனர். நாட்டுக்கு மரம் வேண்டும் என்ற நல்லெண்ணமே காரணம். 1973 முதல் 2014 வரையுள்ள செயற்கைக்கோட் படங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், இம்மலையின் இயற்கைப் புல்வெளியில் 100-க்கு 66 பங்கு மறைந்துவிட்டது என்று 2018-இல் வெளியிட்டனர். ஆடுமாடு மேய்த்தவரையும், தேனெடுக்கும் பளியரையும், அணைநீர் குறைவதைக் கண்ட உழவரையும் வைத்துக்கொண்டு, 'இங்கு மரம் நடலாமா?' என்று ஒரு நாள் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பர் என்பது தெரியாது. கேட்கவில்லை என்பது மட்டும் தெரிகின்றது.

எம் ஊர்ப் பக்கத்துப் பழனி, சங்க காலத்திற் பொதினி எனப்பட்டது. அந்நாட்டை ஆண்ட ஆவியர் குலத்துப் பேகன், தோகை விரித்த மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான். அவன் கொடையைப் போற்றாத தமிழர் இலர், யாமும் போற்றுகின்றோம். ஆயினும் மயிலுக்குப் போர்வை வேண்டுமா என்று எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அதே பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்தபோது, கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவன் வாயிலில் நின்று, பரிசிலைக் கேளாமல் அவள் துயரை எடுத்துரைத்தனர். மயிலின் நடுக்கம் கண்டவனுக்கு மனைக்கண் இருந்த துயர் பிறர் சொல்லித்தான் தெரியவேண்டியிருந்தது. பேராசிரியர் புறநானூற்றை நடத்துங்கால் இப்பகுதியில் எம் உள்ளம் பாடத்தை விட்டு மலைக்கே ஓடிவிடுகின்றது.

மிஷன் கல்லூரி மாணவராகிய நாம் இவ்விடத்து நம் வீட்டுக் கணக்கையும் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார், வெப்பத்தாலும் நோயாலும் தம்மவரை அடக்கம் செய்து மனமுடைந்து, முதலிற் சிறுமலையை நாடினர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. ஆகவே 1845-இற் பழனிமலைமேல் இரண்டு வீடுகளைக் கட்டினர். நகர் பிறந்தது அவ்வாறு. மதுரைக் கலெக்டராய் இருந்த லெவிஞ்சு துரை 1863-இல் ஏரியை உண்டாக்கினார். 1899-இல் நகரசபை வந்தது. மக்களைச் சாவினின்று காக்க மேலே ஏறியவரைப் பழித்தல் நன்றியின்மையாகும். ஆனால் பளியரும் புலையரும் அவர்க்கு முன்னரே அம்மலையில் இருந்தனர். மலைவேளாண் மக்கள் பூம்பாறையிலும் பிற ஊர்களிலும் அடுக்கு வயல் அமைத்துப் பயிரிட்டனர். ஏரி வெட்டுமுன்னும் சாலை போடுமுன்னும் இவர்களைக் கேட்கும் வழக்கம் அந்நாள் துரைமாரிடம் இருந்ததில்லை. அன்று தொடங்கிய பழக்கமே துரைமார் போனபின்னும் போகவில்லை என்று தோன்றுகின்றது.

திருச்சபையின் தொடக்கமோ வேறுவிதமானது. அப்போஸ்தலருடைய நடபடிகளிற் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடப்பட்டனர் என்ற முறுமுறுப்பு எழுந்த செய்தி வருகின்றது. பன்னிருவரும் தாமே தீர்ப்புக் கூறிவிடவில்லை. சபை முழுவதையும் கூட்டி, எழுவரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்று விட்டனர். தெரிந்தெடுத்த எழுவர் பெயரும் கிரேக்கப் பெயர்களாகவே உள்ளமை கருதத்தக்கது. யார் குறை கூறினரோ அவர் பக்கத்தாரிடமே பொறுப்புச் சென்றது.

நம் நாட்டிலும் இது புதிதன்று. உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டையும் 921-ஆம் ஆண்டையும் சார்ந்த கல்வெட்டுகள், குடவோலையால் உறுப்பினரைத் தெரிந்த முறையைக் கூறுகின்றன. ஏரியைக் காக்க ஏரி வாரியம் என்ற தனிக்குழு இருந்தது. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் சுற்றத்தாரும் மீண்டும் அமரக்கூடாது என்பது விதி. இன்றைய குழுக்கள் பலவற்றிற்கு இவ்வொரு விதியே போதுமென்பது எம் எண்ணம். அவ்வாரியங்களில் நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவரே அமரமுடியும் என்பதையும் மறைக்கவேண்டுவதில்லை. அக்குறையைப் போக்கி நிறையைக் கொள்வோம்.

சுவிட்சர்லாந்தில் 2012 மார்ச்சு 11-ஆம் நாள் மக்கள் வாக்கெடுப்பு ஒன்று நடந்தது. எந்த ஊரிலும் விடுமுறைக்கு மட்டும் வந்து தங்குவார் வீடுகள் 100-க்கு 20-க்கு மேற்படலாகாது என்பதே வினா. 100-க்கு 50.6 பேர் ஆம் என்றனர். ஆனால் பனிமலை விடுதிகள் மலிந்த வாலே மாநிலத்தார் பெரும்பான்மையோர் இல்லை என்றே வாக்களித்தனர். சமவெளியார் மலையார்க்கு விதி வகுத்துவிட்டனர் என்ற மனக்குறை அங்கும் எழுந்தது. ஆனால் அந்நாட்டு அரசியலமைப்பின்படி, முதன்மையான சட்டங்களை இயற்றுமுன் மாநிலங்களையும் கட்சிகளையும் தொடர்புடைய சங்கங்களையும் கருத்துக் கேட்டல் கடமை. விரிவான சட்டம் அவ்வாறு பேசிப் பேசி உருவாகி 2016-இன் தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. தாமதம் என்று நகைப்பார் நகைக்கட்டும். பதினைந்து ஆண்டு பாதரசக் கதையினும் அது விரைவே.

குழுவில் யார் யார் அமர்வது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கின்றது. விடுதி முதலாளிகள் மட்டும் அமர்ந்தால் அது வணிகர் சங்கம் ஆகிவிடும். கலெக்டர் தமக்கு வேண்டியவரை நியமித்தால் தேநீர் விருந்து ஆகிவிடும். நகரமன்றத்தாரும், சுற்று ஊராட்சிகளில் கிராம சபை தெரிந்தனுப்பியவரும், பளியர் தம்முள் தாமே தெரிந்தவரும், குதிரைக்காரர், ஓட்டுநர், துப்புரவுத் தொழிலாளர் ஆகியோருள் ஒவ்வொருவரும் இருத்தல் வேண்டும். பெண்டிர் பாதிக்குக் குறையலாகாது. மலையில் குடிநீர்க் குடம் சுமப்பவர் அவரே. மூன்றாண்டுக்கு மேல் எவரும் தொடர்ந்து அமரலாகாது. நடவடிக்கைக் குறிப்பு தமிழில் எழுதப்பட்டு, பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் ஒட்டப்பட வேண்டும். ஆங்கிலத்தில் அச்சிட்ட நூறு பக்க அறிக்கையைப் பூம்பாறை உழவர் என் செய்வார்?

அடிவாரத்தார்க்கு எத்துணை இடம்? மிகுதியாகக் கேட்க எமக்கு உரிமையில்லை. மேலே குளிரிலும் மழையிலும் வாழ்பவர் அவர். ஓரிடம் போதும். மேலே புதிய விடுதிக்கு அனுமதி கேட்கப்படும்போது, 'இதன் கழிவுநீர் எவ்வோடையில் இறங்கும்?' என்று வினவுதற்கு அணையருகே வயல் வைத்திருப்பவர் ஒருவர் அங்கிருந்தால் போதும்.

நம் கல்லூரியினின்றும் ஆண்டுதோறும் மாணவர் கூட்டம் கோடைக்கானலுக்குத் தியான முகாமுக்கும் உல்லாசப் பயணத்துக்கும் செல்லுகின்றது. பழைய மாணவர் பலர்க்கு அங்கு வீடுகளும் உண்டென்று அறிகின்றோம். அவர்கள் நகரமன்றத்தாரிடம் பேசினால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. யாம் வேனில் விடுமுறைக்கு ஊர் திரும்பியதும் பாலசமுத்திரம் பேரூராட்சித் தலைவர்க்குக் கொடுப்பதற்கென்று ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கின்றோம். மலைநகர் பற்றி எக்குழு அமையினும் எம் ஊர்க்கு ஓர் ஆசனம் வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றிக் கலெக்டர்க்கு அனுப்புமாறு அதிற் கேட்டிருக்கின்றோம். கையெழுத்து இடுவதற்கு அணைப்பாசனத்து உழவர் பதின்மரேனும் கிடைப்பர் என்று நம்புகின்றோம்.